ஒட்டிய பெயர்

பெட்டியைத் திறந்தபோது உள்ளே வில் மட்டும் கிடந்தது. வயலின் இல்லை. விடைத்தாள் திருத்தக் குருநாகலுக்குப் போய்த் தங்கிவிட்டு அன்று காலைதான் உடப்புக்குத் திரும்பியிருந்த சாருமதி, முகம்கூடக் கழுவாமல் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தம்பிதான் கொண்டுபோனான், ஹோட்டலில் யாரோ வெள்ளைக்காரர் பார்க்க ஆசைப்பட்டாராம் என்று குசினியிலிருந்து அம்மா சொன்னாள். வில்லை விட்டுவிட்டு வயலினை மட்டும் எடுத்தவன் யாரும் வாசிப்பதற்காக எடுக்கவில்லை என்பது சாருமதிக்கு அந்த நிமிடமே விளங்கியது. வில்லோடு பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவள். வேலை கிடைத்த புதிதில், அவுஸ்திரேலியாவுக்குப் போகவிருந்த நீர்கொழும்புப் பறங்கியர் குடும்பம் ஒன்றிடம் அந்த வயலினை வாங்கினாள். துளைக்குள் பார்த்தால் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வயலின் செய்வதில் உலகப் புகழ்பெற்ற இத்தாலிக்காரர் ஸ்ட்ராடிவாரியுஸின் பெயரும் ஆண்டும் அதில் அச்சாகியிருக்கும். வாங்கிய புதிதில் அவளும் ஆகாயத்தில்தான் மிதந்தாள். கொழும்பில் வயலின் திருத்துகிறவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுக் காட்டிய பிறகே உண்மை தெரிந்தது. உள்ளே மூலைகளைத் தாங்கும் மரக்கட்டை வைக்கவேயில்லை. அவசர வேலை. ஜேர்மனியில் மார்க்நொய்கிர்ஷன் என்ற ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் கழுத்துச் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் உடல் செய்வார்கள், வேறொரு வீட்டில் வார்னிஷ் பூசுவார்கள். எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்த வியாபாரிகள் அந்த இத்தாலிக்காரரின் பெயரை ஒட்டி உலகமெல்லாம் அனுப்பினார்கள். அப்படி வந்ததில் இது ஒன்று.

சாருமதிக்கு அதில் ஏமாற்றம் இருக்கவில்லை. பேர் தெரியாத அந்த வீட்டுக்காரர்கள் பூசிய மண்ணிறப் பூச்சு, நூறு வருஷத்துக்கு மேலாகக் கைபட்டுக் கைபட்டுத் தாடை வைக்கும் இடத்தில் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்வில் கன்னத்தை வைத்தால்தான் அவளுக்கு வாசிப்பே வரும். இவ்வளவையும் தம்பி சிவகரனுக்கு ஒரு தடவையல்ல, பல தடவை சொல்லியிருக்கிறாள்.

பாலாவியில் பஸ் மாறி, கற்பிட்டி போய், முச்சக்கரவண்டி பிடித்துக் கடற்கரை ஹோட்டலில் இறங்கினாள். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் இடம் அது. சிவகரன் அங்கே வரவேற்பு மேசையில் வேலை செய்கிறான். அவனை அவள் தேடவில்லை. நேரே சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனாள்.

வயலின் சுவரில் தொங்கியது. மேலே ஒரு விளக்கு, கீழே ஸ்ட்ராடிவாரியுஸ் என்று எழுதிய பலகை. கடல்காற்று வந்து நேரே அதன் மேல் அடித்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். புதுக் கதிரை மாதிரி வயலின் பளபளத்தது. தடிப்பாகப் பூசிய வார்னிஷ் துளை விளிம்பில் சொட்டுச்சொட்டாக இறுகியிருந்தது. அதில் ஒரு நுளம்புகூட ஒட்டிச் செத்துக் கிடந்தது. தாடை தேய்ந்த இடத்தைக் காணவில்லை.

கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, வயலினைக் கழற்றினாள். வேலைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவள் யாரையும் பொருட்படுத்தவில்லை. பூச்சில் ஒட்டிப்போயிருந்த, தந்தி முறுக்கும் பிரடைகளைத் திருகிச் சுருதி சேர்த்து, வில்லை எடுத்து ஒரேயொரு சுரத்தை இழுத்தாள். தடிமன் பிடித்து மூக்கடைத்தவன் போர்வைக்குள்ளிருந்து கதைப்பதுபோல இருந்தது. மறுபடி இழுத்தாள். அதே சத்தம்தான்.

மனேஜர் அஃப்ராஸ் வந்தார். அவர்மேல் அவள் பாய்ந்தாள். ஊரான் பொருளை எடுத்துக் கெடுக்க யார் உரிமை தந்தது என்று கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"டீச்சர், இது உங்கட சாமான் எண்டே எனக்குத் தெரியா. தன்ட வாப்பா வழியில வந்த சாமான் எண்டுதான் சிவகரன் சொன்னார். பழசாத் தெரியுது, ஹோட்டல் விளம்பரப் போட்டோவுக்குச் சரிவராது எண்டு வார்னிஷ் பூசினதும் அவர்தான்."

வாசலில் சிவகரன் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஹோட்டல்காரர்களை எப்படி ஏசுவது என்றுதான் அவள் யோசித்துக்கொண்டு வந்தாள். அத்தனை கோபமும் இப்போது தம்பி பக்கம் திரும்பியது.

"பிழைதான் அக்கா," என்றான் அவன். "ஆனா சீட்டை நான் அச்சடிக்கேல்ல. எல்லாரும் பொய்ப்பேர் ஒட்டித்தான் விக்கிறாங்கள். அந்த ஜேர்மன்காரனும் அதைத்தானே செஞ்சவன்."

"செஞ்சவன் ஒட்டேல்ல. வித்தவன்தான் ஒட்டினவன்," என்றாள் சாருமதி. "ராப்பகலா இழைச்சதுகளுக்குத் தங்கட பேரை எழுதக்கூட விதியில்ல. அதுகள் பூசின பூச்சு ஒண்டுதான் மிச்சமா இருந்தது. அதையும் நீ மூடிப்போட்டாய்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி எழுந்துவந்து, இது உண்மையிலேயே ஸ்ட்ராடிவாரியுஸ்தானா என்று கேட்டாள். இல்லை, ஏழைகள் செய்தது, பொய்யர்கள் விற்றது என்று சாருமதி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள். அஃப்ராஸ் பலகையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். சிவகரன் தலையைக் குனிந்துகொண்டான். வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு, அவனைக் கடந்து அவள் வெளியே போனாள்.

புதுப் பூச்சை உரித்தால் பழையதும் சேர்ந்தே உரிந்துவிடும் என்று கொழும்புத் திருத்துநர் கைவிரித்துவிட்டார். ஆடித் திருவிழாவில் அவள் அதையேதான் வாசித்தாள். வாசித்து முடிய, கோயில் நிருவாகத்தைச் சேர்ந்த கனகசுந்தரம் வந்து, வயலின் இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று பாராட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டாள்.

ஹோட்டல் வேலை போன சிவகரன் வீட்டோடு இருந்தான். அம்மா நடுவில் நின்று எவ்வளவோ சமாதானம் பேசிப் பார்த்தாள். தீபாவளிக்கு அவனுக்குச் சாருமதிதான் சோறு போட்டாள். அரைவாசி சாப்பிட்டவன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இன்னும் கோவமா அக்கா?"

"ஓம்," என்று சொல்லிவிட்டு, அவன் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.