வாட்சைக் கழற்றினால்

சிம்ரன் விஜயைச் சுவரோடு சாய்த்து, கழுத்தில் கண்ணாடித் துண்டை அழுத்திக்கொண்டிருந்தாள். ஜன்னலைக் கையாலேயே உடைத்திருக்கிறாள். முழங்கை வரை ரத்தம். அவன் மூக்கு உடைந்து சட்டை நனைந்திருந்தது. பத்தாம் வகுப்பு மொத்தமும் பின்பக்கம் ஒதுங்கி அலறியது.

"எங்கம்மாவ பத்தி இன்னாடா சொன்ன? இப்ப சொல்லு!"

ஓங்கி ஓர் அறை விட எனக்குக் கை துடித்தது. துடிக்காத கணக்கு டீச்சர் யாராவது இருந்தால் கள்ளிக்குப்பத்துக்கு அனுப்பி வையுங்கள், கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால், கொதிக்கிற பிள்ளையைத் தணிப்பது எப்படி என்று போன வாரம்தான் ஆவடியில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். குரலைத் தாழ்த்து. நேருக்கு நேர் நிற்காதே. பிள்ளையைக் கீறிவிடும், வாட்சைக் கழற்றி வை. வெறுங்கையைக் காட்டு.

"சிம்ரன், நான் ஒண்ணும் செய்யமாட்டேம்மா" என்றேன் மெதுவாக. ஒருபக்கமாக நகர்ந்து நின்றேன். அவள் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அட, வேலை செய்கிறதே என்று சந்தோஷம்கூட வந்தது. வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"மிஸ் வாட்ச கயட்டிட்டாங்கடீ!" என்று எவளோ கத்தினாள்.

எங்கள் பள்ளியில் வாட்சைக் கழற்றினால் அடி விழப்போகிறது என்று அர்த்தம். இங்கே எந்த வாத்தியாரும் அதைக் கழற்றாமல் கை ஓங்குவதில்லை. பிள்ளையின் கன்னம் கிழியலாம், வாட்ச் உடையக் கூடாது. பயிற்சி கொடுத்தவர்கள் இதை எங்கே கண்டார்கள்? நானும் மறந்து தொலைத்தேன்.

சிம்ரன் என்மேல் பாய்ந்தாள். கண்ணாடி என் முன்கையைக் கிழித்தது. நான் மேசையில் மோதி விழுந்தேன். விஜய் சும்மா இருந்தானா? அவள் முடியைப் பிடித்து இழுத்து முதுகில் உதைத்தான். அவள் திரும்பி அவனைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடி மறுபடி கழுத்துக்குப் போனது. இந்த முறை தோல் கிழிந்தது.

விட்டால் செத்துவிடுவான். மேசைமேல் தடவி வாட்சை எடுத்தேன்.

"இங்க பாரு சிம்ரன். கட்டிக்கிறேன், பாரு."

ரத்தத்தில் வார் வழுக்கியது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டையே பார்த்தாள். ஒருவழியாக மாட்டினேன். கண்ணாடி கழுத்தைவிட்டு விரலளவு உயர்ந்தது.

அப்போது பி.டி. மாஸ்டர் வரதன் கதவை உதைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாடி பண்ணிகினு கீற?"

அவர் கை, பழக்கத்தில், வாட்ச் கொக்கியைத் திறந்தது. கண்ணாடி சட்டென்று இறங்கியது.

"கழட்டாதீங்க சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "மாட்டுங்க! வாட்ச மாட்டுங்க!"

எனக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார். ஆனாலும் மாட்டினார். கொக்கி பூட்டும்வரை சிம்ரன் அவர் மணிக்கட்டையே பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தரையில் போட்டாள்.