கல்லடிக் கெளுத்தி

லாட்ஜின் வரவேற்பறைக்குக் கண்ணாடித் தொட்டி வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு சோலி கூடிப்போனது. அறைகளைக் கூட்டித் துடைக்க வேண்டும், விரிப்புகளைத் துவைக்க வேண்டும். கொடைக்கானல் மழையில் துவைத்தது எங்கே காய்கிறது? அதற்கு மேல் மீனுக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். மதுரையில் வாங்கிய குஞ்சு மீன்கள், சிவப்பும் நீலமுமாக விரல் நகம் அளவுதான் இருக்கும். குளிர் தாங்காது என்று தொட்டிக்கு மேல் ஒரு பல்பு. எங்கள் அறைக்குப் பல்பு கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துவிட்டேன்.

நானும் மகள் கண்மணியும் லாட்ஜுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தோம். இலங்கையில் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவள் நான். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். எங்கெங்கோ அலைந்து கடைசியில் கிடைத்த கூரை இது. வேலை போனால் இதுவும் போகும்.

தண்ணீர் பச்சை பிடிக்கிறது என்று முதலாளி சேனாதிபதி சலித்துக்கொண்டபோது, அய்யம்பாளையத்திலிருந்து வந்திருந்த அவர் மைத்துனர் ஆண்டிச்சாமிதான் யோசனை சொன்னார்.

"எங்க கெணத்துல கெளுத்தி விட்டிருக்கோம் மச்சான். அழுக்கு பூராத்தையும் அது தின்னுக்கிரும். தண்ணி பளிங்காட்டம் கெடக்கு."

அடுத்த முறை வரும்போது மருதாநதியில் பிடித்த கெளுத்தியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். கிணற்றுக்கு ஆகிறது தொட்டிக்கு ஆகாதா என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பகலெல்லாம் அது கல்லுக்கடியில் மீசையை நீட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். குஞ்சு மீன்கள் அதன் மூக்குக்கு முன்னாலேயே விளையாடும். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருக்கும் அதைப் பார்த்தால்.

பிறகு மீன்கள் குறைய ஆரம்பித்தன. குளிரில் செத்திருந்தால் மிதக்க வேண்டும். ஒன்றும் மிதக்கவில்லை. தொட்டியில் கை வைக்கிறவள் நான் ஒருத்திதான். அதற்குமேல் முதலாளி யோசிக்கவில்லை.

"ஏரிக்கரைக் கடையில கொண்டுபோயி விக்கிறியாமே?"

"நான் எடுக்கலைங்க ஐயா."

"அப்ப மீனுக்கு றெக்கை மொளைச்சிருச்சாக்கும். மாசம் முடியவும் அறையக் காலி பண்ணிரு."

சமையல்காரர் பிச்சையா அங்கேதான் நின்றார். "சிலோன்காரங்கள நம்பலாமா?" என்று அடுப்படிக்குள் போய்ச் சொன்னார், என் காதில் விழட்டும் என்றே. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. வடகவுஞ்சிப் பூண்டுக் காட்டில் கூலி வேலை இருக்குமா என்று ஆள் மூலம் கேட்டுவிட்டிருந்தேன். பதில் வரவில்லை. "நாம எங்கம்மா போறது?" என்று கண்மணி கேட்டபோது நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் அது. ஒருநாள் மத்தியானமே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்துவிட்டது. கரண்டும் போய்விட்டது. ஊர் திரும்பும் ஒரு குடும்பம் மழை விடட்டும் என்று வரவேற்பறையில் காத்திருந்தது. நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி தொட்டிக்குப் பக்கத்து மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார்.

இருட்டைக் கண்டு ராத்திரி என்று நினைத்ததோ என்னவோ, கெளுத்தி கல்லை விட்டு வெளியே வந்திருந்தது. அதை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தோம், நன்றாகக் கொழுத்திருந்தது. மீசையால் தடவிக்கொண்டே போய், மூலையில் ஒண்டியிருந்த சிவப்பு மீனுக்கு முன்னால் வாயைத் திறந்தது. கொஞ்ச நேரம் வால் மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

முதலாளி முகத்தைப் பார்த்தேன்.

அவர் சிரித்தார். "படவா, பகல்ல என்னமா நடிச்சிருக்கான் பாருங்க" என்று வந்தவர்களுக்குக் காட்டினார். அந்தக் குரலில் அத்தனை செல்லம். அவர்களும் சிரித்தார்கள். பிச்சையாவும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். திருடி என்று என்னைச் சொன்னபோது முதலாளிக்கும் பிச்சையாவுக்கும் சிரிப்பு வரவில்லை.

மழை விட்டு அந்தக் குடும்பம் கிளம்பியதும் கேட்டுவிட்டேன்.

"ஐயா, நான் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பிச்சையாண்ணன் இருக்கையிலேயே சொல்லுங்க."

"அதான் பாத்தாச்சுல்ல. அறையிலேயே இருந்துக்க. வெரசா தரையத் தொடை."

உள்ளே போகப் போனவர் நின்று தொட்டியைப் பார்த்தார்.

"இனிமே அதுக்குக் கோழிக்குடல் வெட்டிப் போடு. பாவம், பசிச்சுத்தான தின்னுருக்கு."

பாவம் என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் அத்தனை நாளும் காத்துக் கிடந்தேன். அது கெளுத்திக்குப் போய்விட்டது. நான் குடல் வெட்டப் போனேன்.