அரங்கத்துக்குப் பின்னால் மிச்சமிருந்த பனி

ஏப்ரல் இரண்டாம் வாரம் பெய்த மழையில், கனடாவில் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய எங்கள் ரிசர்வில் பனி முழுவதும் கரைந்துபோனது. அன்றைக்குத்தான் எனக்குக் கதை முழுசாக மனப்பாடமானது.

குளிர்காலமெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டே பழைய ஒலிநாடா ஒன்றைக் கேட்டு, வரி வரியாகச் சேர்த்த கதை. பதினோரு நிமிடம் வரும். என் நான்கு வயது மகள் பீடாபனுக்கு எங்கள் அனிஷினாபே மொழியில் நான் சொல்லப்போகும் முதல் கதை. என் அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு சொல்கூட வரவில்லை; எங்கள் மொழி பேசியதற்காக விடுதிப் பள்ளியில் அடித்து அடக்கிய வாய் அது. செப்டம்பரில் பீடாபன் டவுன் பள்ளிக்குப் போய்விடுவாள். அப்புறம் நாள் முழுக்க ஆங்கிலம்தான். அதற்குள் இந்த மொழி என் குரலில் அவள் காதில் விழ வேண்டும்.

ஆனால் எங்கள் வழக்கப்படி இந்தக் கதைகளைத் தரையில் பனி இருக்கும்போது மட்டும்தான் சொல்வோம். என்ன கதை என்று இங்கேயும் எழுதமாட்டேன், இப்போது ஜூலை.

கதை இல்லாவிட்டால் என்ன, சும்மா பேசலாமே என்று கேட்கலாம். அதுதான் என் வெட்கம். நான் போகும் வியாழக்கிழமை மொழி வகுப்பில் "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால்கூட எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் கணவரின் தம்பி வெஸ்லி, ஹாக்கி அரங்கத்தில் ஐஸ் சுரண்டும் வண்டி ஓட்டுகிறான். எங்களில் கொழுந்தன் அண்ணியைச் சீண்டாமல் இருந்தால்தான் தப்பு.

"என்ன அண்ணி, முகமும் சேர்ந்து உருகிடுச்சா?"

"பனி போயிடுச்சு வெஸ்லி. ஒரு நாள் பிந்திட்டேன்."

"உங்க சமையலும் அப்படித்தானே."

"நான் அழுதுடுவேன்."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அரங்கத்துக்குப் பின்னாடி சுரண்டின ஐஸ் ஆளுயரத்துக்குக் கிடக்கு. மே வரைக்கும் கரையாது. அதுவும் தரையிலதானே இருக்கு?"

"அது பனியா?"

"வெள்ளையா இருக்கு, குளிருது. அதுக்கு மேல வாதாட நான் வக்கீல் இல்ல."

போனோம். குவியல் வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறத்தில், சிகரெட் துண்டுகளோடு இருந்தது. அதன் அடிவாரத்தில் போர்வை விரித்து பீடாபனை மடியில் வைத்துக்கொண்டேன். வெஸ்லி சற்றுத் தள்ளி, எங்களைக் கூட்டிவந்த வண்டியில் சாய்ந்து நின்றான்.

ஆரம்பித்தேன். அவள் பூட்ஸ் கால்களை ஆட்டியபடி என் வாயையே பார்த்தாள். நான்கு நிமிடம் போயிருக்கும். பக்கத்துப் பள்ளத்தில் ஒரு தவளை கத்தியது. பிறகு பத்து. பிறகு பள்ளமே கத்தியது.

"அண்ணி," என்றான் வெஸ்லி. அதில் கேலி இல்லை.

"கேட்டுச்சு."

ஐஸ் குவியலை வைத்து எதையும் வாதாடலாம். தவளை வந்துவிட்டால் குளிர்காலம் முடிந்தது. வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். நடு வாக்கியத்தில் நிறுத்தினேன். ஐந்து மாதம், நான்கு நிமிடம்.

பீடாபன் காத்திருந்தாள். பிறகு என் தாடையைத் தொட்டுக் கேட்டாள்: "மீ டஷ்?"

அப்புறம்? கதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் வருகிற சொல். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளாகவே பொறுக்கி எடுத்திருக்கிறாள்.

கதையைத் தொடர முடியாது. பதில் சொல்லாமலும் இருக்க முடியாது. அப்புறம் எழுந்திருப்போம் என்று, எங்கள் மொழியிலேயே சொன்னேன்.

"மீ டஷ்?"

அப்புறம் வண்டியில் ஏறுவோம். அதற்கும் சொல் வந்தது.

"மீ டஷ்?"

சூப் குடிப்போம். கால் கழுவுவோம். எங்கேயோ விகுதி தப்பியிருக்கும். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

வெஸ்லிக்கு எங்கள் மொழியில் வணக்கம் தவிர வேறொன்றும் தெரியாது. வண்டிக் கதவைத் திறந்துவிட்டு, "என்ன கேட்டுக்கிட்டே இருக்கா?" என்றான்.

"அப்புறம் என்னன்னு கேக்குறா."

"சொல்லுங்க. நான் மெதுவா ஓட்டுறேன்."

பாலம், நாய், யார் வீட்டுக் கொடியிலோ காய்ந்த துணி. தெரிந்ததைச் சொன்னேன். சொல் வராதபோது விரலை நீட்டினேன். வழக்கமாக ஏழு நிமிடத்தில் வந்துவிடும் வீடு, அன்றைக்கு வரவே இல்லை.