பிடித்த நிறம்

"இதுவும் பச்சை" என்று சொல்லிக்கொண்டே இருளாயி இன்னொரு புடவையை ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலின் மேல் போட்டாள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாம்பிஞ்சு நிறம் என்று ஐந்து புடவைகள் கிடந்தன. "ஏன்டி வெள்ளையம்மா, பச்சைன்னா உனக்கு அம்புட்டு உசிரா? இதுல எதைக் கட்டிவிடறது?"

கூடத்திலிருந்து வெள்ளையம்மாளை எழுப்பி உள்ளறைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். தலைக்குக் குளிப்பாட்டி, நல்ல புடவை கட்டி, பூ வைத்து, மஞ்சள் குங்குமத்தோடு புருஷனின் தலைமாட்டில் உட்கார வைக்க வேண்டும். எடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு முறை.

கூடத்தில் பெரியண்ணன் பெஞ்சின் மேல் கிடந்தார். காலை ஏழு மணிக்கு சைக்கிளில் ஏறிப் பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்குப் போனவர். ஒன்பதரை மணிக்கு, வேலை நடந்துகொண்டிருந்த இன்ஜின் பக்கத்தில், "கொஞ்சம் தண்ணி குடுங்கப்பா" என்று கேட்டபடி தரையில் உட்கார்ந்திருக்கிறார். ரயில்வே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது. தகவல் கேட்டுப் புள்ளம்பாடிப் பக்கத்து ஊரிலிருந்து அவருடைய அண்ணன் வீரமலையும் வீரமலையின் மனைவி இருளாயியும் பஸ் பிடித்து வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

இருளாயி பாசிப்பச்சையைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளையம்மாள் கைகளை விரித்து நின்றாள். யார் யாரோ கொசுவம் வைத்தார்கள், யாரோ முந்தானையைச் சரிசெய்தார்கள். கண்ணாடி முன் கொண்டுபோய் நிறுத்தியபோது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பச்சை பிடிக்காது.

அந்த விஷயம் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பெரியண்ணனுக்கும் தெரியாது.

எல்லாம் அறுபத்தொன்றாம் வருஷத்தில் ஆரம்பித்தது. டீசல் இன்ஜின் வேலை பழகி வர ரயில்வே சிலரை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது பொன்மலையில் சார்ஜ்மேனாக இருந்த பெரியண்ணனின் பேரும் அதில் இருந்தது. ஜங்ஷனில் மாலை போட்டு ஏற்றிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் பார்ப்பதற்கு அதே ஆள்தான். கொஞ்சம் வெளுத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் வந்த மறுநாள் காலையில் வெள்ளையம்மாள் காப்பியை நீட்டியதும், "தேங்க்ஸ், வெள்ளையம்மா" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பதினேழு வருஷத்தில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா" என்பார், இல்லையென்றால் "புள்ள" என்பார்.

"எதுக்குங்க அதெல்லாம்?"

"காப்பி குடுத்தியே."

"தெனமும் குடுக்கறதுதானே."

"அதான். தெனமும் குடுக்கற."

சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். மகள் குங்குமவல்லி படிக்கிற அறைக்குக் கதவு கிடையாது, வெறும் திரைதான். அவர் நிலைக்கட்டையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "வரலாமா?" என்று கேட்டுத்தான் உள்ளே போனார். வல்லிக்குப் பள்ளித் தோழி எழுதிய கடிதம் வந்தால் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்தார். பக்கத்து குவார்ட்டர்ஸ் லூர்துராணி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் தொரை ஆயிட்டாரு" என்று சிரித்தாள். வெள்ளையம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அங்கே அவர் ஒரு கிழவியின் வீட்டு மாடியில் தங்கியிருந்தார். கிழவிக்கு எழுபது வயது. புருஷன் இல்லை. மூன்று பிள்ளைகள் மூன்று ஊரில். தனியாக இருந்து, தானே கார் ஓட்டி, தானே புல் வெட்டி, வாசலில் விழும் பனியைத் தானே வாரிப் போடுவாளாம்.

"பெத்த பசங்க போன் போட்டு, 'ஞாயித்துக்கிழமை வரலாமா'ன்னு கேட்டுட்டுத்தான் வருவாங்க. மொதல்ல எனக்கு வயிறு எரிஞ்சுது. 'எங்க ஊரா இருந்தா இப்படித் தனியா விடுவோமா'ன்னு அந்தம்மாகிட்டயே சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. என்னை 'ரூத்'ன்னு பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னாங்க. எழுபது வயசுப் பொம்பளைய எப்படிப் பேர் சொல்றது? ரெண்டு மாசம் எதுவுமே சொல்லிக் கூப்பிடாம ஓட்டினேன்."

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அந்த ரூத் அவரைக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். மனைவிக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டாமா என்று. ஸ்கார்ஃப் அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டு, உன் மனைவிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டாளாம்.

"எனக்குச் சொல்லத் தெரியல" என்றார் பெரியண்ணன். "எந்த நெறம் பிடிக்கும், எந்தக் காய் பிடிக்கும், ஒண்ணும் தெரியல. நான் அந்தம்மாவப் பாத்துப் பாவம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்கு அவங்க என்னைப் பாத்தாங்க பாரு, அதே மாதிரி." அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். "சொல்லு வெள்ளையம்மா. உனக்கு என்ன நெறம் பிடிக்கும்?"

"உங்களுக்குப் பிடிச்சதுதான் எனக்கும்."

"அது பதில் இல்ல."

விடவில்லை. மறுநாள் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையிலேயே தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன் அப்பா எடுத்ததைக் கட்டினாள், பிறகு மாமியார் எடுத்ததை. பிடிக்கிறதா என்று பார்த்து எதையும் கட்டியதில்லை. தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் உலை கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது, மடியில் முருங்கைக்கீரை, பக்கத்தில் வந்து நின்று மறுபடியும் கேட்டார். கையில் இருந்த கீரையைப் பார்த்து, "பச்சைங்க. பச்சைதான் பிடிக்கும். போதுமா?" என்றாள்.

அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. அன்றைக்கே உட்கார்ந்து ரூத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தீபாவளிக்கு ஒரு பச்சைப் புடவை வந்தது. அடுத்த தீபாவளிக்கு இன்னொன்று.

மூன்றாவது வருஷம் ஈஸ்டருக்கு லூர்துராணி கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாள். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். இதுதான் என்று தோன்றியது. நாற்பது வயதை நெருங்கும்போது தனக்குப் பிடித்த ஒன்று தெரிந்துபோனது சிறுபிள்ளைத்தனமான சந்தோஷமாக இருந்தது. அவரிடம் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் எடுத்து வந்த புடவைகளைப் பார்த்துப் பார்த்துத் தள்ளிப்போட்டாள். போன வாரம்கூட, "இந்தத் தடவையும் பச்சைதானே?" என்று கேட்டார். "ம்" என்றாள்.

நான்கரை மணிச் சங்கு ஊதியதும் ஒர்க்‌ஷாப் ஆட்கள் சைக்கிள்களோடு தெருவை நிறைத்துவிட்டார்கள். எண்ணெய்க் கறை படிந்த சட்டைகளோடு ஒவ்வொருவராக வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். வெள்ளையம்மாளுக்கு அழுகை வரவில்லை. அவர் சொன்ன ஒரு கதை நினைவில் ஓடியது. அமெரிக்காவில் கூட வேலை பார்த்தவனின் அப்பா செத்துப்போயிருக்கிறார். இவர் போனார். எல்லோரும் கறுப்புக் கோட்டு போட்டு, மெதுவாகப் பேசி, ரொட்டி சாப்பிட்டார்களாம். ஒருத்தரும் சத்தம் போட்டு அழவில்லை. மூன்றாம் நாள் அவன் வேலைக்கு வந்துவிட்டான். "அது மட்டும் எனக்குத் தாங்கல. நான்தான் பாத்ரூமுக்குள்ள போய் அவனுக்காக அழுதேன்" என்றார்.

வீரமலை வாசலில் நின்று, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தெருவே கேட்கும்படி அழுதுகொண்டிருந்தார். பெரியண்ணன் இதைக் கேட்டிருந்தால் திருப்திப்பட்டிருப்பார் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் பால் தெளித்து, சாம்பலை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய் அம்மா மண்டபத்தில் கரைத்துவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். காவிரியில் நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொண்டார்கள். லூர்துராணி வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. வீரமலை இலையில் உட்கார்ந்தார், இரண்டு வாய் வைத்தார், எழுந்துவிட்டார். தம்பி போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்தார். எதிரே வெள்ளையம்மாளின் அண்ணன், உறையூரில் இருக்கும் செல்லக்கண்ணு. உள்ளறை வாசலில் வெள்ளையம்மாளும் இருளாயியும். வல்லி திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக வீரமலை அவளிடம் சொல்ல வேண்டியதை இருளாயியிடம்தான் சொல்வார். இப்போதும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"இருளாயி, அவகிட்ட சொல்லு. குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லிருவாங்க. அதுவரைக்கும் எதுக்கு உக்காந்திருக்கணும்? கருமாதி முடிஞ்ச மறுநாள் லாரி பிடிச்சுச் சாமான ஏத்திரலாம். மேலண்டை அறையில நெல்லு மூட்டை கெடக்கு, அத எடுத்துட்டு வெள்ளை அடிக்கச் சொல்லிட்டேன். வல்லி படிச்ச வரைக்கும் போதும். தையில நல்ல எடமாப் பாத்து முடிச்சுருவோம். தம்பி இருந்தா என்ன பண்ணியிருப்பானோ அதுல ஒரு கொறை இல்லாம நான் பண்றேன். அவ எதையும் யோசிக்க வேணாம்னு சொல்லு."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று வெள்ளையம்மாளுக்குத் தெரியும். இரண்டு நாளாகக் கால் ஊன்ற இடமில்லாமல் இருந்தவளுக்கு அந்தப் பேச்சு தரையாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் போதும். திரையைப் பிடித்திருந்த வல்லியின் விரல்கள் வெளுத்திருந்தன. அவள் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம்.

வெள்ளையம்மாள் வாயைத் திறப்பதற்குள் இருளாயி செல்லக்கண்ணுவிடம் பேசினாள். "அண்ணே, கருமாதிக்குப் பொறந்த வீட்டுக் கோடிப் புடவை நீங்கதானே எடுக்கணும். வெள்ளையெல்லாம் வேணாம்ணே, பாக்க முடியாது. பச்சையிலேயே ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அது ஒண்ணாவது அவளுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கட்டும்."

"எனக்குப் பச்சை பிடிக்காது."

யார் பேசியது என்று வெள்ளையம்மாளுக்கே ஒரு கணம் புரியவில்லை.

"என்னடி சொல்ற? பெட்டி நெறையப் பச்சையா வச்சிருக்க?"

"அவரு எடுத்தது. பிடிக்கும்னு பொய் சொல்லிட்டேன்க்கா. அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் பொய் சொல்லிட்டேன்." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நம்பிக்கிட்டே போயிட்டாரு."

பிறகு அழுகை வந்தது. இரண்டு நாளாக வராதது முழுவதும் வந்தது. இருளாயி ஒன்றும் புரியாமல் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு வெள்ளையம்மாள் எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் இருந்தவரைப் பார்த்தாள்.

"மாமா."

வீரமலை திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. நான் ஊருக்கு வரல. இங்கேயே எங்கயாவது சின்னதா ஒரு வீடு பாத்துக்கறேன். வல்லி படிச்சு முடிக்கட்டும். ரயில்வேயில எனக்கு ஏதாவது வேலை போட்டுத் தருவாங்கன்னு நேத்து அவரோட வேலை பாத்தவங்க வந்தப்ப சொன்னாங்க. கெடைச்சா போறேன்."

"தனியாவா?" என்று கேட்டார் வீரமலை. கேள்வியை அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஆமா மாமா."

"நான் உசிரோட இருக்கறப்ப? ஊர்ல என்னைப் பாத்து என்ன கேப்பாங்க தெரியுமா? தம்பி பொண்டாட்டிக்கு ஒரு வாய் சோறு போட வக்கில்லாதவன்னு…"

"தெரியும் மாமா. இருந்தாலும் எனக்கு இதுதான்…" அவள் சொல்லைத் தேடினாள். "இப்படித்தான் இருக்கணும்னு இருக்கு."

செல்லக்கண்ணு தரையைப் பார்த்தார். இருளாயி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். வீரமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலோடு இறங்கிப் போய்விட்டார்.

"போச்சு, பஸ் ஏறிட்டாரு" என்றாள் இருளாயி. வல்லி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குப் போனவர் ஐந்தரைக்குத் திரும்பி வந்தார். காலெல்லாம் செம்மண். யாரையும் பார்க்காமல் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். இருளாயி கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்று கையைக் காட்டினார். பேச்சு மறுபடியும் அவள் வழியாகத்தான் வந்தது.

"இருளாயி, அவகிட்ட சொல்லு. சுப்ரமணியபுரத்துல ரெண்டாவது தெருவுல ஒரு வீடு இருக்கு. ஓட்டு வீடு. ரெண்டு ரூம். பக்கத்துல போஸ்ட்மேன் குடும்பம், நல்ல மனுஷங்களாத் தெரியுது. காலேஜ் பஸ் தெருமுனையிலேயே நிக்குதாம்."

"வீட்டுக்குள்ள போய்ப் பாத்தீங்களா?" என்றாள் இருளாயி.

"பாத்தேன். பின்னாடி கெணறு இருக்கு. அந்தப் பக்கம் நெறையக் கெணறு உப்புன்னாங்க. ஒரு வாளி எறச்சுக் குடிச்சுப் பாத்தேன். உப்பு இல்ல. நல்ல தண்ணிதான்."

அவர் சட்டையின் முன்பக்கம் கழுத்திலிருந்து வயிறு வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.