பதில் வரி

அண்ணி இறந்த பிறகுதான் தங்கை முதன்முறையாக அந்த வீட்டுப் படியேறினாள். அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடி வேலை. வீட்டு முன்னறைதான் கடை. அங்கே உட்கார்ந்து, கண்ணாடிகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவான். வேற்று மதத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அந்த மதத்துக்கே போய்விட்டான் என்று தங்கை அவனோடு பேச்சை விட்டிருந்தாள். அண்ணியின் குரலைக்கூட அவள் கேட்டதில்லை.

வந்ததும் வராததுமாகப் பேச்சை எடுத்தாள்.

"அவங்களுக்காகத்தான மாறின? இப்ப அவங்களே இல்ல. பேசாம நம்ம பக்கமே வந்துரு."

"வரேன். கொஞ்ச நாள் போகட்டும்" என்றான் அண்ணன்.

கையோடு கூட்டிப்போய்விடலாம் என்று அவளும் அங்கேயே தங்கினாள்.

அந்தி சாயும்போது அவன் இயந்திரத்தை நிறுத்திக் கைகழுவிவிட்டு, உள்ளறையில் ஒரு காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தான். அண்ணியின் மதத்தில் பிரார்த்தனை இருவர் சொல்வது. ஒருவர் ஒரு வரி, மற்றவர் பதில் வரி. அவளுக்குப் புரியாத ஏதோ பழைய மொழி. அண்ணன் தன் வரியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். பிறகு அடுத்த வரிக்குப் போனான்.

"நடுவுல ஏன் நிறுத்துற?"

"அது அவ பங்கு. நான் எப்படிச் சொல்றது?"

பாவம், துக்கத்தில் புத்தி கலங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் போகப்போக, அவன் நிறுத்தும்போதெல்லாம் சமையலறையில் காய் நறுக்கும் அவள் கையும் நின்றது. அந்த நேரத்தில் குழாய்கூடச் சொட்டவில்லை. பேசப்போகிறவர் மூச்சை இழுப்பதுபோல் ஒரு சத்தம் மட்டும் உள்ளறையிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தால் நாற்காலியில் யாருமில்லை.

இனித் தாங்காது என்று ஒருநாள் உள்ளறை வாசற்படியில் போய் நின்றாள். 'போதும், நிறுத்து' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது பதில் வரி.

அண்ணன் திரும்பவில்லை. அடுத்த வரியைச் சொன்னான். அதற்கும் அவள் வாய் பதில் சொன்னது. கடைசிவரை அப்படியே சொல்லி முடித்தாள்.

அவன் எழுந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாருமில்ல."

"ஒவ்வொரு வரியிலயும் கடைசி எழுத்த இழுத்த. அவளுக்கு மூச்சு வாங்கும், அதனால இழுப்பா. வேற யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

மறுநாளே அவன் கடையைப் பூட்டினான். "கெளம்பு, அம்மா வீட்டுக்குப் போயிரலாம்."

"நீ போ. நான் வரல."

"எனக்கு இதுல நம்பிக்கையே கெடையாதும்மா. சொன்னா அவ பக்கத்துல இருக்கற மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்."

"பக்கத்துலதான் இருக்காங்க" என்றாள் தங்கை, வெகு சாதாரணமாக. "உயிரோட இருந்தப்ப ஒரு வார்த்த பேசல. இப்ப அவங்களா கூப்பிடும்போது எப்படிண்ணே வர்றது?"

அண்ணன் தனியாகப் போய்ப் பழைய மதத்தில் சேர்ந்துகொண்டான். அந்த வீட்டுப் பக்கம் அவன் மறுபடி தலைகாட்டவில்லை.

அண்ணியின் மதத்தார் தங்கையைத் தங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். யார் மூலமாக வந்தாய் என்று பெரியவர் கேட்டார்.

"அண்ணி கூட்டிட்டு வந்தாங்க."

உறவுக்காரர்கள் அழைத்து வருவது அங்கே வழக்கம்தான். எல்லோரும் புன்னகைத்தார்கள். அண்ணியின் உடலைக் குளிப்பாட்டி அடக்கத்துக்குத் தயார் செய்த பெண் மட்டும், பெஞ்சில் மெல்ல நகர்ந்து, தனக்கும் தங்கைக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.