வேதநாயகம் இரண்டு முறை சொல்லாத பதில்

1

இந்தக் கதையில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. அதுவும் பஸ்ஸில்.

தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வந்துகொண்டிருந்தேன். கையில் பேப்பர். முதல் பக்கத்தில் அமெரிக்க எலெக்‌ஷன் படம். முன் ஸீட்டில் இருந்த வயதான அம்மாள் திரும்பிப் பார்த்து, "அமெரிக்கா சேதியா தம்பி? எங்க அண்ணன் அங்கனதான் இருந்தாரு" என்றாள். கழுத்தில் ஜெபமாலை, மடியில் துணிமூட்டை. கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவள் போலிருந்தது.

"இப்ப எங்க இருக்காரு?"

"செத்துப் போனாரு. அங்கன ஒரு கேள்வி கேட்டாக. வாயத் தொறக்கல. பொஞ்சாதி பிள்ளைய விட்டுட்டு இங்கன வந்து சேந்தாரு. சாகப்போற நேரத்துல எங்க கோயில் பங்குச்சாமி அதே கேள்வியக் கேட்டாரு. அப்பவும் தொறக்கல."

"என்ன கேள்வி?"

"நீ கம்யூனிஸ்ட்டான்னு."

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் ஓர் ஊர் விலக்கில் இறங்கிப் புழுதியோடு நடந்தாள். நான் ஜன்னலில் தலையை நீட்டி, "எங்க அடக்கம் பண்ணினீங்க?" என்று கத்தினேன். கேட்கவில்லையோ, கேட்டும் திரும்பவில்லையோ தெரியாது. பஸ் புறப்பட்டுவிட்டது.

இனி வருவதெல்லாம் நான் இட்டுக் கட்டியது. அண்ணனுக்கு வேதநாயகம் என்று பெயர் வைத்தேன். தங்கைக்கு யாகப்பம்மாள். ஊருக்குச் சிப்பிமுனை. அப்படி ஓர் ஊரைத் தேடிப் போய் யாரும் வெயிலில் அலைய வேண்டாம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "நியூயார்க் துறைமுகத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வேதநாயகம் தன் கோட்டுக் காலரை…"

விட்டுவிட்டேன். நான் அறிந்த அதிகபட்சக் குளிர், மார்கழி விடியலில் பரமக்குடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குளிர்தான். அதை வைத்துக்கொண்டு நியூயார்க்குக்குப் பனி பெய்விக்க முடியாது.

அடுத்த தொடக்கம்: "அன்று கடல்…"

இதுவும் வேண்டாம். இந்தக் கரையைப் பற்றி எழுதுகிற எல்லோருமே கடலை ஏதாவது செய்ய வைத்துவிடுகிறோம். அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

நேராகவே சொல்கிறேன். வேதநாயகம் சிப்பிமுனையில் பிறந்தவர். இளவயதில் கப்பலில் கரி அள்ளிப் போடும் அடுப்பாளாகப் போனார். நியூயார்க்கில் இறங்கியவர் திரும்பவும் கப்பல் ஏறவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், ஐரீன் என்ற கறுப்பினப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். ஒரு மகள். தன் தாயின் பெயரான லீமாரோஸையே அவளுக்கும் வைத்தார். அங்கே அது ரோஸ் ஆயிற்று. தலை நரைத்து, வேலையை விட்டு ஓயலாம் என்று இருந்த வயதில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டாம் வருஷம், அங்கே கம்யூனிஸ்ட்டுகளைத் தேடித் தேடிப் பிடித்த காலம். பதில் சொல்லாததற்காக நாடு கடத்தினார்கள். பம்பாயில் இறங்கி, ரயிலேறி, தங்கை வீட்டு வாசலில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார்.

இவ்வளவுதான். மூன்று வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

3

ஆனால் மனுஷர் சும்மா இருக்கவில்லை. வலை காயும் இடத்தில் உட்கார்ந்து பேசுவார். பேசும்போது குரல் உயரும்.

"அமெரிக்காவுல ரெண்டு கட்சி இருக்காமே அண்ணே?" என்று ஒருவன் கேட்டான்.

"இருக்கு. நம்ம கரைவலைக்கும் ரெண்டு கயிறு இருக்கு. நீ வடக்குக் கயித்த இழுக்க, அவன் தெக்குக் கயித்த இழுக்கான். மீனு என்னமோ ஒரே சம்மாட்டி கூடைக்குத்தான போவுது? அதுமாதிரிதான் அது."

வலைக்குச் சொந்தக்காரரைத்தான் சம்மாட்டி என்பார்கள். அன்று சந்தனம் சம்மாட்டி நாலு அடி தள்ளி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

சந்தியாகப்பர் கோயிலில் அமெரிக்கப் பால்பவுடர் கொடுத்தபோது வரிசையில் நின்ற பெண்களிடம் போய்ச் சொன்னார்: "வாங்குங்க, பிள்ளைகளுக்குக் கலக்கிக் குடுங்க. ஆனா தருமம்னு நெனைக்காதிய. அங்கன பால் மிஞ்சிப் போச்சு. வெல விழுந்துறக் கூடாதுன்னு கப்பல்ல ஏத்துறான். எங்க தெருவுல அதே பாலுக்கு வழியில்லாத பிள்ளைகளும் இருந்துச்சு. என் மக கூடத்தான்."

மகளைப் பற்றி அவர் வெளியில் சொன்னது அந்த ஒரு தடவைதான். பெண்களுக்குப் பால் விஷயம் காதில் ஏறவில்லை. மகள் விஷயம் ஏறிவிட்டது.

(சோசலிசம் என்றால் என்ன என்று யாகப்பம்மாள் கேட்டிருப்பாள். கேட்காமல் எப்படிச் சோறு போடுவாள்? அவர் சொன்ன விளக்கம் இது: "சந்தியாகப்பர் திருவிழாவுக்கு ஊருக்கே அசனச் சோறு போடுறோம்ல? சம்மாட்டிக்கும் ஒரு அகப்பை, கயிறு இழுக்கிறவனுக்கும் ஒரு அகப்பை. அதை வருசம் பூராப் போட்டா அதுதான் ஏத்தா." அவள் சொன்னாள்: "இதுக்கா அம்புட்டுத் தூரம் போனிய?" இந்த இடத்தில் நான் எழுதிக்கொண்டே சிரித்தேன். கதையில் நான் சிரித்த கடைசி இடமும் இதுதான்.)

4

இனி அவர் செய்த தப்பு. நியூயார்க் துறைமுகத்தில் பழகிய ஒருவரால், அதுவும் சிப்பிமுனையில் பிறந்த ஒருவரால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு.

கயிறு இழுப்பவர்களுக்குப் பங்கு குறைவு. கூட்டிக் கேட்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் ஆசைதான். எந்த நாளில் வேலையை நிறுத்துவது? துறைமுகத்தில் அவர் கற்ற பாடம், முதலாளிக்கு அதிக நஷ்டமாகிற நாளில் நிறுத்த வேண்டும் என்பது. சரக்கோடு கப்பல் வந்து நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றால் முதலாளி இறங்கி வருவான்.

சிப்பிமுனையில் மீன் அதிகம் படும் ஜூலை மாதத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார். வலையைக் கடலில் விட்டு வளைத்தாயிற்று. இரண்டு பக்கமும் ஆட்கள் இழுக்கிறார்கள். மீன் சேர்ந்த வலைமடி கரையை நெருங்குகிற சமயம், அவர் கையை உயர்த்தினார். கயிற்றைக் கீழே போட்டார்கள்.

கப்பல் என்றால் நின்றிருக்கும். வலை நிற்கவில்லை. நீரோட்டத்தில் இழுபட்டுக் கடலடிப் பாறையில் மாட்டி மடி கிழிந்தது. மீன் போயிற்று. அது சம்மாட்டியின் மீன்கூட இல்லை. திருவிழாவுக்கு முந்தின அந்த நாளில் படும் மீன் முழுவதும் சந்தியாகப்பருக்கு என்பது ஊர் வழக்கம். அசனத்துக்கு அரிசி வாங்குவதே அந்தக் காசில்தான். இருபது வயதில் ஊரை விட்டுப் போனவருக்கு அது மறந்துபோயிருந்தது. இழுத்தவர்களுக்கு மறக்கவில்லை. ஆனால் அண்ணன் சொல்கிறாரே, யோசித்திருப்பார் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் அசனம் இல்லை.

"எது சோசலிசம்னு சொன்னியளோ அதையே இல்லாம ஆக்கிட்டியளே அண்ணே" என்றாள் யாகப்பம்மாள். அவர் அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு வலை காயும் இடத்துக்கும் போகவில்லை. அவரைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதுவரை விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்த "கம்யூனிஸ்ட்டு" என்ற சொல்லைப் பிறகு யாரும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அவர் உண்மையில் கட்சிக்காரர்தானா?

இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சங்கத்தில் இருந்தார், கூட்டங்களுக்குப் போனார், கட்சியில் சேரவில்லை. "இல்லை" என்று சொல்லியிருந்தால் அது சத்தியமான பதில்.

பின்னே ஏன் சொல்லவில்லை? தங்கையிடம் ஒருமுறை சொன்னார்: "இல்லன்னு சொன்னா அடுத்த கேள்வி வரும் ஏத்தா. 'சரி, ஒங்கூட வந்தவன்ல யாரு யாரு?' எங்கூட மூட்ட தூக்குனவன் பேரச் சொல்லணும். அதுக்கு மொதக் கேள்வியிலேயே வாயப் பொத்திக்கிறது நல்லது."

இது எனக்குப் புரிகிறது. கப்பல் ஏறிய அன்று ஐரீன் வழியனுப்ப வரவில்லை என்பதும் புரிகிறது. ரோஸுக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. அவள் என்ன நினைத்தாள் என்று எழுத முயன்று, "ரோஸ் ஜன்னல் அருகில்" என்பதோடு நிறுத்திவிட்டேன். அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் கடைசியில் மறந்துகொண்டு வந்தது என்று நினைக்கிறேன். அதை நினைத்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறது.

6

ஐம்பத்தெட்டாம் வருஷம். பக்கத்தில் கேரளத்தில் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சிக்கு வந்திருந்தார்கள். கோயில்களில் பிரசங்கமெல்லாம் அதைப் பற்றித்தான். கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாகும் நேரத்தில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கிடையாது, மந்திரித்த மண்ணில் அடக்கம் கிடையாது என்று ரோமாபுரி உத்தரவு ஏற்கனவே இருந்தது.

வேதநாயகத்துக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பங்குச்சாமியார் வந்தார். கெட்டவர் இல்லை. குடையை மடக்கி வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வேதநாயகம், ஒரே கேள்விதான். நீ கம்யூனிஸ்ட்டா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. எண்ணெய் பூசிட்டுப் போறேன்."

அவர் பதில் சொல்லவில்லை. சாமியார் வெகுநேரம் இருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்.

யாகப்பம்மாளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இங்கன யார் பேரையும் கேக்கலயே அண்ணே! அடுத்த கேள்வியே இல்லயே! அம்மா பக்கத்துல படுக்க வேண்டாமா? உள்ளதச் சொல்லத்தான கேக்காரு?"

அவருக்கு மூச்சு வாங்கியது. "ஆறடி மண்ணுக்காக இங்கன சொல்லிட்டேன்னு வையி. எம்மக கேப்பா. 'எனக்காக மட்டும் ஏம்ப்பா சொல்லல'ன்னு."

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

விடிவதற்குள் இறந்துவிட்டார்.

(இதை எழுதிவிட்டு ஒரு வாரம் தொடவில்லை. அவர் பிடிவாதம் எனக்குப் பிடிக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. செத்தவர்கள் நியாயத்தோடு போய்விடுகிறார்கள். இருக்கிறவர்கள் சாமியாரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.)

7

யாகப்பம்மாள் போய் நின்றாள். துக்கமணி இன்னும் அடிக்கவில்லை. ஊரில் யார் செத்தாலும் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போகும் பொதுப்பெட்டி, தூம்பா என்பது, கோயில் பின்னறையில் இருந்தது. அந்த அறையின் சாவி சாமியார் கையில்.

"யாகப்பம்மா, நான் போனதுக்குப் பெறகு ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா? செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டாரா? இல்லன்னு சொன்னாரா? நீ சொன்னாப் போதும். நான் மேல கேக்க மாட்டேன்."

சாமியார் அந்தக் கேள்வியாலேயே அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

முடிவு ஒன்று: "சொன்னாரு சாமி" என்கிறாள். மணி அடிக்கிறது. தாய் பக்கத்தில் படுக்கிறார். ஞாயிறுதோறும் அவள் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது, நாக்கில் பொய்யோடு போகிறாள். பாதி மெய்யும்தான்: அவர் கம்யூனிஸ்ட் இல்லை. ஆனால் ஊர் ஏட்டில், மண்ணுக்காக வாயைத் திறந்த மனிதராகிவிடுகிறார். ரோஸுக்காகத் திறக்காதவர்.

இதை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: "சொல்லல சாமி." வேலிக்கு வெளியே, ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுக்களைப் புதைக்கும் மணலில், பனையோலைப் பாயில் சுற்றி நாலு பேர் புதைக்கிறார்கள். அன்று கயிற்றைக் கீழே போட்டவர்கள்தான். அவரைச் சுற்றிப் பெயர் வைக்காத பிள்ளைகள்.

இதில் எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே இதையும் அடித்தேன். நான் அழுவதற்காக ஒரு கிழவியை அண்ணனின் பிணத்தை வேலிக்கு வெளியே சுமக்க வைக்கக் கூடாது.

8

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவளிடம் இருக்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள். அந்த வீட்டில் வேதநாயகம் பேசியது அத்தனையும் கேட்டவர்கள் இப்போது இரண்டு பேர்தான்: யாகப்பம்மாள், நீங்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். சாமியார் அவளை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறார். கையில் சாவி. அங்கே வீட்டுக் கட்டிலில் பிணம் கிடக்கிறது, வெயில் ஏறுகிறது.

"நீங்களும் கூட இருந்தீங்கள்ல? சொல்லுங்க. அவரு இல்லன்னு சொன்னாரா?"