கழிக்க மறந்த குரல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் என் கண்ணால் பார்த்தது ஒரு சின்னக் காட்சி மட்டும்தான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

தர்மபுரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலக விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கம்போல் முன்கூட்டியே போய்த் தொலைத்தேன். கொஞ்சம் உட்காருங்கள் என்று ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சைக் காட்டினார்கள். ஆசிரியை ஒருவர் பலகையில் கட்டங்களும் அம்புக்குறிகளும் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் கணக்குக்கும் வெகுதூரம். ஆனாலும் அவர் சொன்னது புரிந்தது.

பல செல்போன்கள் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. கோபுரத்தின் காதில் எல்லாம் ஒன்றாகக் கலந்து விழுகிறது. அங்கே இரண்டு பேர் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒருவன் குரல்களைப் பிரிக்கிறவன். இன்னொருவன் பிழை திருத்துகிறவன். பிரிக்கிறவன் எதையும் அடித்துச் சொல்லமாட்டான். ‘இது இன்னார் குரலாக இருக்கலாம்’ என்று சந்தேகத்தோடுதான் கொடுப்பான். திருத்துகிறவன் அதைச் சோதித்து, ‘இந்த அளவுக்கு நம்பலாம்’ என்று திருப்பித் தருவான். மறுபடி பிரிப்பு, மறுபடி திருத்தம். சுற்றுக்குச் சுற்று குரல்கள் தெளிந்துகொண்டே வரும். ஒரே ஒரு நிபந்தனை. திருப்பித் தரும்போது, மற்றவனிடம் வாங்கியதைக் கழித்துவிட்டு, தான் புதிதாகக் கண்டதை மட்டுமே அவனுக்குத் தரவேண்டும்.

“கழிக்காம குடுத்தா என்ன ஆகும்?” என்று கேட்டார்.

ஒரு மாணவி எழுந்தாள். “அவன் சொன்னதே அவனுக்குச் சாட்சியா வந்து நிக்கும் மேடம்.”

“கரெக்ட். தப்பான சந்தேகமா இருந்தாக்கூட ரெண்டு மூணு சுத்துல அது—”

அதற்கு மேல் ஆசிரியை பேசவில்லை. டஸ்டரைப் பிடித்தபடி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இன்னிக்கு இது போதும்” என்று வெளியே போய்விட்டார்.

அவ்வளவுதான் நான் பார்த்தது. தொண்டை கட்டியிருக்கலாம், வீட்டில் பால் பொங்கும் ஞாபகம் வந்திருக்கலாம். நானோ சும்மா இருக்காமல் அவருக்கு அமுதவல்லி என்று பெயர் வைத்தேன். ஒரு பாவத்தையும் தலையில் கட்டினேன்.

2

தொடக்கம்தான் பிடி கொடுக்கவில்லை.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அமுதவல்லி—

(வேண்டாம். மழை காணாத எங்கள் மாவட்டத்தில் மழையோடு தொடங்கும் கதையை எவன் நம்புவான்?)

யாரையும் புண்படுத்தும் எண்ணம் அமுதவல்லிக்கு ஒருபோதும்—

(இது அதைவிட மோசம். எடுத்த எடுப்பிலேயே வக்காலத்து.)

நேராகவே போகிறேன். அமுதவல்லியின் தம்பி மாதேஷுக்கு நிச்சயமாகியிருந்தது. பெண் நிர்மலா, ஏரியூர். தட்டு மாற்றி, பத்திரிகை அடிக்கப் போகிற நேரத்தில் பெண்வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். பையனுக்கு வலிப்பு இருக்கிறதாமே என்று கேட்டார்களாம். வேறு பேச்சு பேசவில்லை.

இருந்தது உண்மைதான். பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. மாதேஷ் மொரப்பூரில் ஃப்ளெக்ஸ் பேனருக்கு டிசைன் போடுகிற கடையில் இருந்தான். அங்கேகூட யாருக்கும் தெரியாது. அம்மா சென்னம்மாள் அதை அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இப்போது போனில் அழுதாள்.

“நம்ம வூட்டு விஷயம் ஏரியூரு வரைக்கும் எப்படிடி போச்சு? எவ வாயிடி இது?”

அமுதவல்லி கல்லூரி ஆய்வகத்தில் இருந்தாள். மாணவர்கள் சுற்றி நின்றார்கள். அவசரத்தில் யோசித்தாள். மாதேஷ் வைத்தியம் பார்ப்பது கம்பைநல்லூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். அங்கே நர்ஸாக இருந்த ஜாஸ்மின், இவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ஜாஸ்மினின் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது ஏரியூர்ப் பக்கம்.

“ஜாஸ்மினா இருக்குமோ? தெரியலம்மா. அப்புறம் பேசறேன்” என்று வைத்தாள்.

3

அடுத்த நாள் சித்தப்பா சென்னப்பன் கூப்பிட்டார். “அமுதா, அந்த நர்ஸு புள்ள வேலைதானாம். என் காதுக்கே வந்துருச்சு.”

அதற்கடுத்து பாஞ்சாலி அத்தை. “ஊரே பேசுது கண்ணு. கூடப் படிச்சவளாமே, இப்படியா பண்ணுவா?”

சாயங்காலம் அம்மா. “நான் ஒருத்தி சொன்னா பரவால்ல. உங்க சித்தப்பனும் அதையே சொல்றாரு, அத்தையும் அதையே சொல்லுது.”

மூன்று பேர், மூன்று திசையிலிருந்து. அமுதவல்லிக்குச் சந்தேகம் தீர்ந்தது. தன் ஆத்திரத்தையே உண்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டாள்.*

[* நடுவில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னம்மாள் சித்தப்பாவிடம் போய், “அமுதாவே சொல்றா, படிச்ச புள்ள சும்மா சொல்லுமா?” என்றாள். அவர் அத்தையிடம் சொன்னார். அத்தை தெருவில் சொன்னாள். யாரிடமும் புதிதாக ஒரு எழுத்துகூட இல்லை. போனது இவள் வாயிலிருந்து, திரும்பி வந்ததும் அதுவேதான். மாணவர்களின் விடைத்தாளில் இதே பிழையைச் சிவப்பு மையில் சுழிப்பவள், தன் வீட்டில் கழிக்க மறந்துவிட்டாள்.]

நேரே கம்பைநல்லூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காத்திருப்போர் கூடம் நிறைந்திருந்தது. ஜாஸ்மின் ஒரு பெரியவரின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எந்தம்பி சீட்டைப் பாத்து ஏரியூருக்குச் சொன்னது நீதானே?”

ஜாஸ்மின் பெரியவரின் பிரஷரைக் கடைசி வரை பார்த்து, குறித்துவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

“அமுதா, உள்ள வா. பேசிக்கலாம்.”

“உள்ள என்ன ரகசியம்? நோயாளிங்க விஷயத்தைத்தான் ஊரெல்லாம் வித்துட்டியே. இங்கயே சொல்லு.”

ஜாஸ்மின் எதுவும் சொல்லவில்லை. அதையும் அமுதவல்லி ஒப்புதல் என்றே கணக்கில் சேர்த்துக்கொண்டாள். நாலைந்து நோயாளிகள் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். வாரம் முடிவதற்குள், “கொஞ்ச நாள் வராம இரும்மா” என்று டாக்டர் ஜாஸ்மினிடம் சொல்லிவிட்டார்.

4

அமுதவல்லி ஊருக்கு வந்தபோது வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நறுக்கென்று கேட்டுவிட்டாள் என்று சித்தப்பா மெச்சினார். அம்மா, அத்தை, சித்தப்பா, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாதேஷ் எப்போதும்போல மூலையில் இருந்தான். அவனுக்குக் குரல் சின்னது. அவன் என்னவோ சொல்லி, அது யார் காதிலும் ஏறாமல், மறுபடி சொன்னான்.

“அக்கா, நான்தான் சொன்னேன்.”

“என்னடா?”

“நிர்மலாகிட்ட. நிச்சயம் ஆன உடனே போன்ல சொல்லிட்டேன். கட்டிக்கிட்டு வர்ற பொண்ணு, தெரிஞ்சுக்க வேணாமா?”

மாதேஷ் மூலையை விட்டு எழுந்து வந்தான்.

“அந்தப் பொண்ணு ஒண்ணும் அதுக்காக வேணாங்கல. மாத்திரை மறக்காதீங்கன்னுதான் சொல்லுச்சு. அது சொல்லித்தான் அவங்கப்பாவுக்குத் தெரியும். அவரு அம்மாகிட்ட கேட்டாராம், பையனுக்கு ஒடம்புல ஏதாச்சும் உண்டான்னு. அம்மா, ‘ஒரு கொறையும் இல்லீங்க’ன்னு சாமிமேல சத்தியம் பண்ணுச்சாம். பொய் சத்தியம் பண்ற வூட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னுட்டாரு.”

“ஏண்டா இத்தன நாளா வாயத் தொறக்கல?” என்றாள் அமுதவல்லி.

“என்னை யாரு கேட்டீங்க?”

அமுதவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மாவைத் திட்டலாம், சித்தப்பாவைத் திட்டலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கூடத்தில் அப்படிக் கேட்டது அவள் நாக்கு. தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பலத்த குரல்களுக்கு அடியில் மெல்லிய குரல் அமுங்கிப்போகும், அதைத்தான் முதலில் தேடிப் பிடிக்கவேண்டும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள். அன்று அவள் சாப்பிடவில்லை. கண்ணாடி பார்த்துத் தலைவாரக்கூட வெட்கமாக இருந்தது.

5

இந்த இடத்தில் கதையை நிறுத்தி வைத்திருந்தேன். வைத்ததற்குக் காரணம் எனக்கே அசிங்கமானது.

பாதி எழுதியதை ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். இது அந்தக் கல்லூரியில் கண்டதிலிருந்து வந்தது என்றும் உளறியிருந்தேன். அவர் ஒருநாள், “அந்த டீச்சர் இன்னும் அங்கதான் இருக்காங்களா? ஒரு நர்ஸோட வேலையைப் போக்குனாங்களே” என்று கேட்டார். நான் ஒரு கணம், ஆமாம் பாவம் என்று தலையாட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. ஒரு பெண் பலகைமுன் நின்றதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது? நான் விட்ட சந்தேகம் நண்பர் வழியாகச் சுற்றிவந்து என்னிடமே சாட்சி சொன்னது. ஒவ்வொரு முறை திருத்தி எழுதும்போதும் அது இன்னும் கெட்டியானது. வரைவு என்று நான் மரியாதையாகச் சொல்வதை ஊரில் புறணி என்பார்கள்.

கிழித்துப் போட்டிருக்கலாம். செய்யவில்லை. அந்த நிஜ ஆசிரியையை விட்டுவிட்டேன். இனி வருபவள் முழுக்க முழுக்க நான் பெற்ற அமுதவல்லி. அவளை நடுவழியில் விட்டுப் போவது எனக்கு இன்னொரு வெட்கம்.

6

முடிவு அ: அமுதவல்லி அதே கூடத்துக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறாள். ஜாஸ்மினுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது.

(எழுதினேன். நிற்கவில்லை. அவள் போனபோது கூடத்தில் வேறு ஆட்கள். அன்று கேட்டவர்களில் ஒருவர்கூட இல்லை. இவர்களிடம் மன்னிப்பைச் சொல்லவேண்டுமென்றால், முதலில் பழியைச் சொல்லவேண்டும். டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். “விடும்மா, எல்லாரும் மறந்திருப்பாங்க. மறுபடி நீ கெளப்பாத, பேஷன்ட் பயப்படுவாங்க” என்றார்.)

முடிவு ஆ: அவள் ஜாஸ்மின் வீட்டுக்குப் போகிறாள். இருவரும் கட்டிக்கொண்டு—

(இல்லை, அழவில்லை. நடந்தது வேறு.)

ஜாஸ்மின் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்து ஸ்டூல் எடுத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நாலு அறை விட்டிருந்தால் அமுதவல்லிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஜாஸ்மின், நீ சொல்லலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் பண்ணது—”

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற?” ஜாஸ்மின் கோபமே இல்லாமல்தான் கேட்டாள். “நான் சொல்லலன்னு எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போயி சொல்லு.”

“எல்லாரையும் நான் எங்கன்னு தேடுவேன்?”

“அன்னிக்கு தேடியா சொன்ன? தண்ணியக் குடி, பஸ்ஸு வந்துரும்.”

7

கம்பைநல்லூர் பஸ் நிறுத்தத்தில் கையில் மாவுக்கட்டு போட்ட ஒரு பெண் அமுதவல்லியை உற்று உற்றுப் பார்த்தாள். பிறகு தானாகவே நெருங்கி வந்தாள்.

“ஆஸ்பத்திரியில அன்னிக்கு சத்தம் போட்டது நீதானம்மா? நானும் அங்கதான் குந்தியிருந்தேன். நல்லாக் கேட்ட போ. அந்த நர்ஸு எல்லார் வூட்டு விஷயத்தையும் வெளிய சொல்லிருமாம்.”

“யாருக்கா அப்படிச் சொன்னாங்க?”

“யாருன்னு சொல்றது? எங்கூர்ல எல்லாருமேதான் சொல்றாங்க. பொய்யா இருந்தா இத்தன பேரு சொல்லுவாங்களா?”

அமுதவல்லி வாயைத் திறந்தாள். அதற்குள் மொரப்பூர் பஸ் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் ஊர் அந்த வழியில்தான். அமுதவல்லியின் ஊர் எதிர்ப்பக்கம். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் ஏறினாள். அமுதவல்லியும் பின்னாலேயே ஏறினாள்.

அதுவரை எனக்குத் தெரியும். பஸ்ஸில் கூட்டம். பாட்டு அலறுகிறது, நடத்துநர் விசில் அடிக்கிறார், ஆளுக்கு ஆள் பேசுகிறார்கள். எத்தனை ஊரில், எத்தனை பேரிடம் சொன்னால் ஜாஸ்மினின் பேர் பழையபடி ஆகும் என்று எனக்குக் கணக்கு வரவில்லை. அவள் எந்த வார்த்தையில் தொடங்குவாள் என்று எழுதவும் எனக்கு யோக்கியதை இல்லை. அவளுக்காக நான் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பேசிவிட்டேன்.

நீங்கள் அந்தப் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருக்கிறீர்கள். “அக்கா, அந்தப் பொண்ணு சொல்லலக்கா, தப்பாச் சொன்னது நான்தான்” என்றோ, வேறு எப்படியோ, அவள் குரல் மெல்லத் தொடங்கும். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் இருங்கள்.